வால்நட்சத்திரத்தைத் தள்ளிய நத்தை

பம்பரம் என்று அவளுக்குப் பட்டப்பெயர் வைத்தது யார் என்பதில் குடும்பத்துக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை. பெயர் பொருந்தியதா என்பதில் மட்டும் ஒருவருக்கும் சந்தேகம் கிடையாது. பிறந்த அன்று டாக்டரம்மா கையுறையை மாட்டி முடிப்பதற்குள் வெளியே வந்து, ‘இவ்வளவு நேரமா?’ என்பதுபோல் முறைத்த பிள்ளை அவள்.

உட்கார்ந்தால் அவளுடைய இடது கால் ஆடும். நிறுத்தச் சொன்னால் நிறுத்துவாள். மூச்சு விடுவதற்குள் மறுபடி ஆடும். அவள் சாப்பாட்டு மேசைக்கு வந்தாலே டம்ளர் தண்ணீரில் அலையடிக்கும். உப்பு ஜாடி தானாக நகர்ந்து எதிர்ப்பக்கம் போய்விடும். அதனால் அந்த வீட்டில் ‘உப்பை இப்படித் தள்ளு’ என்று யாரும் யாரையும் கேட்டதே இல்லை.

மாமியாருக்கு இது ஆகவே ஆகாது. அவர் நாற்பது வருஷம் ஒரே தையல் மிஷின் முன்னால், ஒரே ஸ்டூலில் உட்கார்ந்து பிழைத்தவர். மருமகளின் முழங்கால் ஆடத் தொடங்கினால் பேச்சை நிறுத்தாமலே கையை நீட்டி, இஸ்திரிப்பெட்டி வைப்பதுபோல் அதன்மேல் அழுத்தி வைத்துவிடுவார்.

வேலைகளிலும் அதே கதைதான். கூரியர் கம்பெனியில் சேர்ந்தாள். வாடிக்கையாளர் அந்தப் பொருளை வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும்போதே வாசல் மணியை அடித்தாள் என்று புகார் வந்தது. பல் டாக்டரின் வரவேற்பறையில் உட்கார வைத்தார்கள். உள்ளே இருப்பவர் வாயை மூடுவதற்குள் அடுத்தவரை அனுப்பினாள். அரை வருஷம் தாண்டிய வேலை ஒன்றுகூட இல்லை.

“இவ எதுலயும் நிலைக்க மாட்டா” என்று மாமியார் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அந்தக் கோர்ட்டில் அப்பீல் கிடையாது.

அப்படிப்பட்டவளுக்குத்தான் ஊர்க்கோடியில் இருந்த பொழுதுபோக்குப் பூங்காவில் டிரைவர் வேலை கிடைத்தது. இருட்டியதும் அங்கே ஒளி ஊர்வலம் நடக்கும். பல்லாயிரம் விளக்குகள் பொருத்திய ஊர்திகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பூங்காவைச் சுற்றி வரும். முதலில் வால்நட்சத்திரம், அடுத்தது நத்தை, அதன்பின் அன்னம், திமிங்கலம் என்று வரிசை. ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் ஒரு டிரைவர் மறைந்திருப்பார். வெளியே யாருக்கும் தெரியக்கூடாது. தரையில் போட்டிருக்கும் பச்சைக் கோட்டையும் முன்னால் போகும் ஊர்தியின் முதுகையும் கறுப்பு வலை வழியாகப் பார்த்து ஓட்ட வேண்டும்.

இவளுக்கு விதித்தது நத்தை. மனிதர் நடக்கும் வேகத்துக்கும் குறைவாகப் போகும் நத்தை.

முதல் நாள் வீட்டுக்கு வந்ததும் மாமியார் கேட்டார்: “என்ன வண்டி குடுத்திருக்காங்க?”

அவள் நாக்குக்கும் இடது காலுக்கும் அதிக வித்தியாசம் இல்லை. நினைப்பதற்குள் ஆடிவிடும். “வால்நட்சத்திரம் அத்தை. எல்லாத்துக்கும் முன்னால போறது.”

தெரு முழுக்கப் பரவ அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அதற்கப்புறம் எப்படி வாபஸ் வாங்குவது? இப்படியே மூன்று வருஷம் ஓடிவிட்டது.

ஆம், மூன்று வருஷம் நிலைத்துவிட்டாள். காரணம் அந்த இடது கால்தான். வலது கால் ஞானி. பெடலின்மேல் அசையாமல் தவம் கிடக்கும். இடது கால் பைத்தியம்; அது பாட்டுக்கு ஆடும். நத்தையின் இரண்டு கொம்புகளும் ஸ்பிரிங்கில் நின்றன. அந்த ஸ்பிரிங்குகளை அவள் இருக்கையின் சட்டத்தோடு பற்றவைத்திருந்தார்கள். கால் ஆட ஆட, கொம்பு நுனி விளக்குகள் வெடவெடவென்று நடுங்கும். பிள்ளைகளுக்கு உயிர். அவள் லீவு எடுத்த ஒரு நாள், வேறொருவர் ஓட்ட, கொம்பு இரண்டும் கம்பம்போல் விறைத்து நின்றன. ‘நத்தைக்கு உடம்பு சரியில்லையா?’ என்று ஒரு வாண்டு அழுததாம்.

இந்த நிம்மதியில்தான் புருஷன் வந்து கல்லைப் போட்டான். மெதுவாகத்தான் போட்டான்; அவன் எதையும் மெதுவாகச் செய்பவன். “ஆபீஸ்ல பார்க் டிக்கெட் குடுத்தாங்க. சனிக்கிழமை அம்மாவ கூட்டிட்டு வரேன்.”

அவளுக்குச் சோறு இறங்கவில்லை. குட்டு வெளிப்பட்டால் மாமியார் என்ன சொல்வார் என்று தெரியும். வேலையில்தான் நிலைக்க மாட்டாள் என்றிருந்தேன், இப்போது வாக்கிலும் நிலையில்லை என்பார். அவள் இந்த மூன்று வருஷத்தில் சம்பாதித்த துளி மரியாதையும் போய்விடும்.

சனிக்கிழமை ஷெட்டில் வால்நட்சத்திரத்தின் டிரைவரைப் பிடித்தாள். மீசை என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள்.

“அண்ணே, மணிக்கூண்டுகிட்ட எங்க அத்தை உட்கார்ந்திருப்பாங்க. அங்க நிறுத்தி ரெண்டு தடவ லைட்ட அணைச்சுப் போடுங்க. நான் உங்க வண்டியில இருக்கேன்னு சொல்லி வச்சிருக்கேன்.”

“ஏன், நத்தைக்கு என்ன குறைச்சல்?”

“அதெல்லாம் உங்களுக்குப் புரியாதுண்ணே. ஒரு வாரத்துக்கு டீ என் பொறுப்பு.”

“பிஸ்கட்டும் சேர்த்தா புரியுது.”

ஊர்வலம் கிளம்பியது. நத்தையின் வயிற்றுக்குள் அவளுக்குப் புழுக்கம், அரிப்பு, தாகம், எல்லாம் ஒன்றாக வந்தன. ஏறி உட்கார்ந்ததிலிருந்து முதுகில் எட்டாத இடத்தில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. மணிக்கூண்டு வருகிறதா, வருகிறதா என்று வலையில் மூக்கை அழுத்தினாள். ஊர்வலப் பாட்டு இழுத்தது. பச்சைக் கோடு இழுத்தது. கொம்புகள் அன்று ஆடிய ஆட்டத்தில் விளக்குகள் தெறித்து ஆகாயத்தில் ஒட்டிக்கொள்ளாதது அதிசயம்.

மணிக்கூண்டு வந்தது. முன்வரிசையில் மடக்கு நாற்காலியில் மாமியார், பக்கத்தில் புருஷன். வால்நட்சத்திரம் நின்றது. மாமியார் எழுந்தே நின்றுவிட்டார். “அதோ, எங்க வீட்டு மருமக வண்டி!”

மீசை விளக்கை அணைத்தார். போட்டார். அணைத்தார்.

அதன்பின் வரவில்லை. விளக்கும் வரவில்லை, மோட்டாரும் வரவில்லை. உலகத்தின் முதல் இருட்டு வால்நட்சத்திரம், நடுரோட்டில், மாமியாருக்கு எதிரே.

டிரைவர்கள் எல்லோரும் காதில் மாட்டியிருந்த வயர்லெஸ்ஸில் சூப்பர்வைசரின் குரல் கத்தியது: “மீசை! என்னய்யா பண்ற?”

“செத்துப்போச்சு சார்.”

“யாரு?”

“வண்டி சார்!”

பின்னால் அன்னம் நின்றது, திமிங்கலம் நின்றது. பாட்டு மட்டும் நிற்காமல் ஓடியது. வலை வழியே அவள் மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். தூக்கிய கை இறங்க மறந்து அந்தரத்தில் நின்றது. பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். இவளுக்கு இறங்கி ஓட வேண்டும்போல் இருந்தது. ஓட முடியாது, நத்தையின் வயிற்றிலிருந்து ஆள் இறங்குவதைப் பிள்ளைகள் பார்த்துவிட்டால் வேலை காலி.

“சார், நான் தள்றேன்” என்றாள்.

“நீயா? அந்த வால் பூராவும் கண்ணாடிக் குழாய்மா. வேகமா முட்டினா நொறுங்கிடும்.”

“வேகமா முட்ட மாட்டேன் சார்.”

அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் அதுவரை வந்ததில்லை. அவளுக்கே வேறு யாரோ பேசியதுபோல் இருந்தது.

வலது காலைப் பெடலில் வைத்தாள். வைத்தாளா இல்லையா என்று பெடலுக்கே தெரியவில்லை. நத்தை நகர்ந்தது, நிஜ நத்தை பார்த்தால் வெட்கப்பட்டிருக்கும், அவ்வளவு மெதுவாக. உள்ளங்கை வழுக்கியது. போ, முட்டு, முடித்துவிடு என்று உடம்பில் இருந்த ஒவ்வொரு நரம்பும் கத்தியது. அந்த அவசரம் எல்லாம் இடது காலுக்குள் இறங்கி ஆடு ஆடு என்று ஆடியது. மேலே கொம்புகள் பித்துப் பிடித்ததுபோல் நடுங்கின. கீழே வலது கால் அசையவில்லை. நத்தையின் ரப்பர் மூக்கு கண்ணாடி வாலை, தூங்கும் குழந்தையின் கன்னத்தைத் தொடுவதுபோல் தொட்டது.

ஒரு குழாய்கூட உடையவில்லை. வால்நட்சத்திரம் நகர்ந்தது. கூட்டம் விசிலடித்துக் கூத்தாடியது. பூங்காவின் மிச்சப் பாதை முழுக்க ஒரு நத்தை நட்சத்திரத்தைத் தள்ளிக்கொண்டு போனது. பார்த்தவர்கள் அதுதான் அன்றைய விசேஷம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஊழியர் வாசலில் மாமியாரும் புருஷனும் காத்திருந்தார்கள். பஸ் நிறுத்தம்வரை அவள்தான் பேசினாள்.

“பேட்டரி அத்தை. நான் என்ன பண்ணுவேன், திடீர்னு போயிடுச்சு.”

“ம்.” மாமியார் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார். அவளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். “அந்த நத்தைய ஓட்டுறது யாரு?”

“அது... ஒரு பொம்பளை.”

“எப்படிப்பட்டவ?”

“சும்மா, சாதாரண ஆளுதான்.”

“சாதாரண ஆளா? நாற்பது வருஷம் தைச்சிருக்கேன், எனக்கே அந்த நிதானம் வராது. பட்டுத்துணியில ஊசி இறக்குற மாதிரி வந்து தொட்டா. எவ்வளவு நாளா ஓட்டுறாளாம்?”

“மூணு வருஷம்.”

“மூணு வருஷமா நத்தைக்குள்ள உட்கார்ந்திருக்காளா! அவளப் பெத்தவங்க குடுத்து வச்சவங்க. அவளக் கட்டினவனும்தான்.”

கல்யாணமான நாளிலிருந்து பம்பரம் காத்துக் கிடந்த வார்த்தை முழுவதும் அந்த நத்தைக்காரிக்குப் போகிறது. எட்டிப் பிடிக்க வேண்டுமென்றால் பொய்யை அவிழ்க்க வேண்டும். சொல்லலாமா? சொன்னால்? நாக்கு முதன்முறையாகத் தயங்கியது. கால் தயங்கவில்லை. அது பாட்டுக்கு ஆடத் தொடங்கியது. முன்சீட்டின் கம்பி கிடுகிடுத்தது.

மாமியார் அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். பழக்கம்போல் கை நீண்டது, முழங்கால்மேல் வந்து நின்றது, அழுத்தவில்லை.

“கொம்பும் இப்படித்தான் ஆடிச்சு” என்றார்.

பஸ் ஒரு வளைவு திரும்பியது.

“அத்தை, நான்...”

“பேசாத. இத முதல்லயே சொல்லியிருந்தா தெருவுல தலைய நிமித்திச் சொல்லியிருப்பேனே! முன்னால ஓடுறதுக்கு நீ எதுக்கு? நீ நத்தை ஓட்டுறதுதான்டி அதிசயம்.” பின்சீட்டுப் பக்கம் திரும்பினார். “டேய், உனக்குத் தெரியுமா?”

“தெரியும்மா. உங்ககிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன்.”

“எப்பலேர்ந்து?”

“மூணு வருஷமா.”

மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். “இவனை இறக்கி, உன் நத்தையால பின்னாலேர்ந்து தள்ளு, அப்பவாவது நகருறானான்னு பார்ப்போம்” என்றார் மருமகளிடம். அவர் கை இன்னும் முழங்கால்மேல்தான் இருந்தது. கால் ஆட, கையும் ஆட, வளையல்கள் வீடு வரும்வரை கிலுகிலுத்துக்கொண்டே வந்தன.