எல்லை தாண்டிய வெள்ளைக் கிடா

நார்வேயின் வடகோடியில், ரஷ்ய எல்லையை ஒட்டிய பள்ளத்தாக்கில் ரிஸ்தினைத் தெரியாத ஆள் கிடையாது. புருஷன் போன பிறகும் அத்தனை துருவமான்களையும் ஒண்டியாகவே மேய்த்தவள். பேச்சு கம்மி, பிடிவாதம் இரண்டு ஆளுக்குக் காணும். வானொலியில் போர், தடை, தூதரை வெளியேற்றினார்கள் என்று ஆரம்பித்தால் பட்டென்று அணைத்துவிட்டுக் காப்பி போடப் போய்விடுவாள். வேலிக்கு அந்தப் பக்கம் பாசி செழிப்பு, மான்களுக்கு அதன் மேல்தான் கண். அவளுக்குத் தெரிந்த வெளியுறவு அவ்வளவுதான்.

முன்பெல்லாம் மான் ஒன்று தாண்டினால் அந்தப் பக்கத்துக் காவலரே இந்தப் பக்கம் விரட்டிவிடுவார். இரண்டு அரசாங்கமும் எலியும் பூனையுமான பிறகு, மேய்ந்த பாசிக்குக்கூடத் தலைநகரம் வரை புகார் போனது. உடனே இங்கே ஓர் உத்தரவு வந்தது: தாண்டிவிட்டுத் திரும்பும் மானை வெட்டிவிட வேண்டும். ருசி கண்டது மறுபடி போகும், மந்தையையும் இழுத்துப் போகும் என்று காரணம் சொன்னார்கள். வாயில்லா ஜீவன் எந்த உத்தரவைப் படித்தது?

அந்த மார்ச்சில் பனி வேலியை மூடி மேடு கட்டியது. அதில் ஏறித் தாண்டியது, வேறு எதுவுமில்லை, கப்பா. அவள் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த வெள்ளைக் கிடா. மேய்ச்சல் மாற்றும்போது ரிஸ்தின் முன்னால் நடப்பாள், அவள் பின்னால் கப்பா, கப்பாவின் பின்னால் மொத்த மந்தை.

எல்லைக்காவல் அதிகாரி தோர்கைர் அவளை வேலிக்குக் கூட்டிப்போனார். கப்பா கண்ணுக்கெட்டிய தூரத்தில் பனியைக் கிளறி மேய்ந்துகொண்டிருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி இங்கிருந்து யாரும் சத்தம் போடக் கூடாது என்பது சட்டம். இந்த மானுக்காக மட்டும் அனுமதி வாங்கியிருப்பதாகச் சொன்னார்.

"நீங்க கூப்பிட்டா வந்துரும், ரிஸ்தின். இல்லேன்னா மந்தையே அது பின்னால போயிரும்."

"மந்தையை நேத்தே தெற்கே ஓட்டியாச்சு. இவன் வந்தா என்ன பண்ணுவீங்க?"

அவர் தன் பூட்ஸைப் பார்த்தார். "உத்தரவு உங்களுக்கே தெரியும்."

"அங்கேயே இருந்தா?"

"அவங்க என்ன செய்வாங்கன்னு எனக்குத் தெரியாது."

"தெரியாதுங்கறதே எனக்குப் போதும்," என்றாள்.

தோர்கைரும் நல்ல மனுஷன்தான். கூப்பிட்டும் வரவில்லை என்று மேலே சொல்லிவிடுவதாகச் சொன்னார். ரிஸ்தின் கப்பாவை ஒரு தடவை கண்ணாரப் பார்த்தாள். எங்காவது நல்லா இருடா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, சரிவில் விறுவிறுவென்று இறங்கினாள். திரும்பியே பார்க்கவில்லை.

பாதித் தூரத்தில் அந்தச் சத்தம் கேட்டது. துருவமான் நடந்தால் கணுக்காலில் சொடக்குப் போடுகிற சத்தம் வருமே, அது. டக், டக் என்று பின்னாலேயே வந்தது.

அடப்பாவி! இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது அவள் கப்பாவைக் குரல் கொடுத்துக் கூப்பிட்டிருக்கிறாளா? இப்படித்தானே, முதுகைக் காட்டி நடந்துதானே கூட்டிவந்திருக்கிறாள்! கப்பா வந்து அவள் கையுறையை முகர்ந்தது.

கூடவே இறங்கி வந்த தோர்கைர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் கையமர்த்தினாள்.

"வேற யாரும் இவனைத் தொட வேண்டாம். நானே பண்றேன்."

பட்டியை நோக்கி நடந்தாள். கயிறு எதுவும் போடவில்லை. கப்பா பின்னாலேயே வந்தது.