கல்யாணக் களை என்று நினைத்த வீக்கம்

தொண்ணூறுகளின் தொடக்கம். அப்பாவுக்கு ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை வேலை. திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். அங்கேயே லேத் ஓட்டிக்கொண்டிருந்தவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நான் பிடித்த பிடிவாதத்துக்கு வீட்டில் ஒருவழியாகத் தலையாட்டினார்கள். அவர் அயனம்பாக்கத்துக்காரர்; ஏரியை ஒட்டிப் பயிர் வைக்கும் பழைய குடும்பம். நிச்சயம் முடிந்து, தை மாதத்தில் கல்யாணம் என்று பேச்சு.

ஐப்பசி வாக்கில் என் முகம் பூரிக்க ஆரம்பித்தது. “கல்யாணக் களை வந்துட்டுடி” என்றார்கள் பக்கத்து வீட்டு அக்காக்கள். ஒல்லிக்குச்சி என்று பேர் வாங்கியவளுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் காலையில் இமைகள் உப்பிக்கொண்டு கண்ணே திறக்க வராது. சாயங்காலம் செருப்பு வார் பாதத்தில் பள்ளமாகப் பதிந்திருக்கும். களை காலுக்கு எதற்கு வருகிறது என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

குவார்ட்டர்ஸ் பக்கத்து டாக்டர் என் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி விளக்குச் சுடரில் காட்டினார். முட்டையின் வெள்ளைக்கரு வேகிற மாதிரி அது வெளுத்துத் திரண்டது. சிறுநீரகம் புரதத்தை ஒழுகவிடுகிறது என்று சொல்லி, சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்.

அங்கே என்னைக் குப்புறப் படுக்கவைத்து, முதுகு வழியாக ஊசி விட்டுச் சிறுநீரகத்திலிருந்து நூல் போல ஒரு துணுக்கை எடுத்தார்கள். முடிவு வந்த அன்று, அப்பாவும் நானும் முழிப்பதைப் பார்த்த டாக்டரம்மா, “நீயே பாரேன்” என்று என்னை மைக்ராஸ்கோப் முன்னால் உட்காரவைத்தார். இளஞ்சிவப்பு நிறத்தில் வட்ட வட்டமாக ஏதோ தெரிந்தது. அந்த வட்டங்களுக்குள் கடுகைக் கொட்டினாற்போல ஊதாப் புள்ளிகள்.

“வட்டமெல்லாம் உன் ரத்தத்தை வடிகட்டற இடம். புள்ளிகள்ல பாதிக்கு மேல உன்னோட வெள்ளை அணுக்கள். கிருமி வந்தா சண்டை போடறவங்க. இங்க கிருமியே இல்ல, ஆனா கூட்டமா வந்து உக்காந்துட்டாங்க. அந்தக் கூட்டத்துல வடிகட்டி வீங்கி ஓட்டை விழுந்துடுச்சு” என்றார்.

அப்பா கவலையாகக் கேட்டார். “கிருமியே இல்லாத எடத்துக்கு அவுங்கள யாரும்மா கூப்ட்டா?”

“அதைக் கண்டுபிடிச்சா எனக்கு மாலை போட்டு ஊர்வலம் விடுவாங்க சார்” என்று சிரித்தார் டாக்டரம்மா. அந்த நாளில் எனக்கு வந்த முதல் சிரிப்பும் அதுதான்.

கூட்டத்தை அடக்க ஸ்டீராய்டு மாத்திரை, வீக்கம் வடிய உப்பில்லாச் சாப்பாடு. கல்யாணத்தைத் தள்ளிப்போடச் சொன்னார். குழந்தை என்றால் தன்னைக் கேட்ட பிறகுதான் என்றார்.

வீட்டுக்கு வந்ததும், எங்களோடு இருந்த அத்தை கதவைச் சாத்திக்கொண்டு, “மாப்பிள்ளை வீட்ல மூச்சு விட்றாத. தாலி ஏறுனப்புறம் பாத்துக்கலாம்” என்றாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா, “கெளம்பும்மா, உள்ளதச் சொல்லிருவோம்” என்றார். பஸ் ஏறி அயனம்பாக்கம் போனோம். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

மாப்பிள்ளையுடைய அம்மா வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். அப்பா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். “நீங்க வேற எடம் பாத்தாலும் எங்களுக்கு வருத்தமில்ல, சம்பந்தியம்மா” என்று முடிக்கும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த அம்மா கையைக் கழுவிக்கொண்டு எழுந்து வந்தார்.

“இது ஒட்டிக்குமா?”

“ஒட்டாதுங்க.”

“வைத்தியம் கீதா?”

“இருக்குங்க.”

“அப்பால இன்னாத்துக்கு நீ கண்ணு கலங்குற? கண்ணாலம் ஆயி இது வந்திருந்தா நாங்க இன்னா தொரத்தியா வுட்டிருப்போம்?” என்றவர், உள்ளேயிருந்து வந்து நின்ற மகன் பக்கம் திரும்பினார். “இன்னாடா, நீ இன்னா சொல்ற?”

அவர் என்னைப் பார்த்தார். “அடுத்த தபா டாக்டராண்ட எப்போ போவணும்? நானும் வரேன்” என்றார்.

சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடித்து உட்காரவைத்தார்கள். உப்பு ஆகாது என்று நான் தயங்கியதும், என் பங்கு மீனை மிளகாய்த்தூள் மட்டும் தடவித் தனியாக வறுத்தார் அந்த அம்மா. ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்தவரின் முகம் கோணிப்போனது. “இத்தயா தெனம் துன்ற நீ? வியாதிய வுட இதுதான் கண்ணு கஷ்டம்” என்றார். அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்துப் பல வாரங்கள் ஆகியிருந்தன.

கல்யாணம் ஆவணியில் நடந்தது. அதற்குள் வீக்கம் வடிந்துவிட்டது. ஆனால் மாத்திரை என் முகத்தைப் பூசணிக்காய் ஆக்கியிருந்தது. போட்டோக்காரர், “கன்னத்தக் கொஞ்சம் உள்ள இஸ்துக்கோங்க மேடம்” என்று மன்றாடினார். எனக்கென்று தனியாக வைத்த உப்பில்லாச் சாம்பாரை யாரோ தவறுதலாக எங்கள் ஊர்ச் சனங்களின் பந்தியில் ஊற்றிவிட்டார்கள். மெட்ராஸ் சமையலே இப்படித்தான் போலிருக்கிறது என்று மரியாதைக்காக அத்தனை பேரும் வாயைத் திறக்காமல் சாப்பிட்டு எழுந்தார்களாம். மாமியார் அதைச் சொல்லிச் சொல்லியே பல தீபாவளிகளை ஓட்டினார்.

மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கடைசியில் நிறுத்தினார்கள். டாக்டரம்மா சம்மதம் சொன்ன பிறகு எங்களுக்கு ஒரு மகளும் பிறந்தாள். இப்போதும் அவ்வப்போது சிறுநீரையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்கிறேன். அந்த அணுக்கள் மறுபடி எப்போது கூட்டம் கூடுமோ என்கிற பயம் முழுசாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் உள்ளதைச் சொன்னால் மனிதர்கள் விலகிவிடுவார்கள் என்கிற பயம் அந்த ஞாயிற்றுக்கிழமையோடு போனதுதான், இன்றுவரை அது என் பக்கம் திரும்பவில்லை.