பக்கெட்டில் போட்ட பாறை

குழாய் கேஸ் இணைப்புக்கு ஆள் பிடிக்கிறவளுக்கு முதல் எதிரி நாய், இரண்டாவது எதிரி 'அப்புறம் வாங்க'. வீடு வீடாக பெல் அடித்துப் பிழைக்கும் சக பாவிகளே, உங்களுக்கு நான் சொல்லியா தெரியவேண்டும்?

வாயைக் கொடுத்தேன்

புதுவாயலில் ஒரே ஒரு தெரு பாக்கி. அது சம்மதித்தால் என் வேலை நிரந்தரம், இல்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அந்தத் தெருவில் முனுசாமி அண்ணன் தலையாட்டினால்தான் மற்றவர்கள் ஆட்டுவார்கள். தெருவுக்குப் பின்னால் இருக்கிற நெல் வயல் அவருடையது.

"இந்த கேஸு எங்கேர்ந்து வருது?" என்று, தெருவைக் கூட்டிப் பேசிய அன்று ஒரு அக்கா கேட்டார். நான் நிலவியல் படித்தவளாச்சே, சும்மா இருப்பேனா! கல்லூரிக் காலத்திலிருந்து பையிலேயே கிடக்கும் களிப்பாறைத் துண்டை எடுத்து நீட்டினேன். கண்ணுக்குத் தெரியாத பாசியும் பூச்சியும் செத்துக் கடலடிச் சேற்றில் விழுந்தன, மேலே மேலே மண் மூடியது, கோடிக்கணக்கான வருஷம் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து கேஸ் ஆனது, சேறு இந்த மாதிரிப் பாறையாக இறுகி அதை உள்ளேயே பிடித்துக்கொண்டது என்று அளந்தேன். முனுசாமி அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"அப்போ என் நெலத்தத் தோண்டத்தான் வந்துகினு கீறியா?"

டீக்கடையில்

கூட்டம் கலைந்துபோனது. குழாய் பதிக்கும் சகாயராஜிடம் போய் அழாத குறையாகப் புலம்பினேன். மனுஷன் ஆறுதல் சொல்வார் என்று பார்த்தால், டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்:

"உன்ன கேஸு விக்கச் சொன்னா, நீ இன்னாத்துக்கு மேடம் பாறைய விக்கிற?"

செங்கல் பரீட்சை

மறுநாள் விடவில்லை, நேரே முனுசாமி அண்ணன் வீட்டுக்கே போனேன். மாடியில் ரூம் கட்ட செங்கல் இறக்கியிருந்தார்கள். தரம் பார்க்க ஒரு கல்லைப் பக்கெட் தண்ணீரில் போட்டிருந்தார். "உன் கல்ல குடு" என்று பிடுங்கி அதையும் பக்கத்தில் போட்டார். செங்கல் புஸ்புஸ்ஸென்று குமிழி விட்டது. என் பாறை கம்மென்று கிடந்தது. "கேஸு எங்கமா?" என்று தெருவே சிரித்தது. எனக்கு மானம் போயிற்று.

அந்தக் குமிழிகளைப் பார்த்துக்கொண்டே நின்றவளுக்குச் சட்டென்று பொறி தட்டியது. "அதான் அண்ணே விஷயமே!" என்று கத்திவிட்டேன். செங்கல்லின் ஓட்டைகளுக்கு ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழி உண்டு, தண்ணீர் புகுந்து காற்றைத் தள்ளுகிறது. பாறையிலும் ஓட்டை உண்டு, ஆனால் துக்கினியூண்டு, வழியும் கிடையாது. பூமிக்கடியில் இருக்கும்போது கேஸ் அந்த ஓட்டைகளில் அடைந்தும் சுவரில் ஒட்டியும் கிடக்கும். ரொம்ப ஆழத்தில், தண்ணீரை அழுத்தி அடித்துப் பிளந்தால்தான் வெளியே வரும்.

"அதெல்லாம் வெளிநாட்டுல அண்ணே. நமக்கு அந்த கேஸக் குளிரவெச்சு, தண்ணி மாதிரி ஆக்கி, கப்பல்ல காட்டுப்பள்ளி துறைமுகத்துப் பக்கம் வந்து இறங்குது. உங்க தெருவுல குழாய்க்கு இடுப்பளவு பள்ளம், அதையும் மூடிடுவோம். வயல்ல கால் வெக்கமாட்டோம்!"

தெரு முழுக்கக் கேட்கும்படி மறுபடி சொல்லச் சொன்னார். தொண்டை கிழியச் சொன்னேன். பாறையை எடுத்துத் துண்டில் துடைத்தார்.

"இது எங்கிட்டயே கெடக்கட்டும், வயல்ல கால வெச்சீன்னா இதாலயே மண்டைய ஒடப்பேன். போ, மொதல்ல என் ஊட்டுக்குப் போடு!"

பால் பொங்கியது

இணைப்பு கொடுத்த அன்று அவர் மனைவி தனலட்சுமி அக்கா, புது வீடு புகுந்த மாதிரி அடுப்புக்குப் பொட்டு வைத்துப் பால் வைத்தார். நீலமாக எரிந்தது. பால் பொங்கி வழிந்ததும் வாசலில் நின்ற கூட்டம் கைதட்டியது. அங்கேயே அத்தனை வீடும் சம்மதம் சொல்லிவிட்டது. நான் சந்தோஷத்தில் அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

"எத்தினி கோடி வருசம் அடஞ்சிகினு கெடந்துச்சோ, கடசில என் ஊட்லதான் பொங்கிச்சு பாரு!" என்றார் அக்கா.

பாறையைப் பிளக்க எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று பரீட்சையில் எழுதித்தான் பாஸ் பண்ணினேன், ஆனால் புதுவாயலில் ஒரு தெருவைத் திறக்க ஒரு பக்கெட் தண்ணீர் போதும் என்று எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லவில்லை.