சேவியர் அண்ணனின் மைக்கை அணைத்தவள் நான்

சேவியர் அண்ணன் இறந்த செய்தி நம் புதன்கிழமைக் கூட்டத்தின் வாட்ஸப் குழுவில்தான் வந்தது. ராயபுரத்தில் நம் மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாக இருந்தவர். மாரடைப்பு. ‘நம் குழுவின் கண்ணை இழந்தோம்’ என்று தலைமை மருத்துவர் எழுதியிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கண்ணை ஒருநாளாவது நம்பினோமா? எழுத எப்படி ஐயா கை வந்தது?

மறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ரத்தப் புற்றுநோயாளிகளுக்கு என்ன சிகிச்சை என்று நான்கு ஊர் டாக்டர்கள் வீடியோவில் கூடி முடிவெடுக்கும் கூட்டம் அது. ஒரு நோயாளிக்கு ஐந்து நிமிடம். கூட்டத்தை நடத்துவது நான். யாராவது கேட்டால் மைக்ராஸ்கோப்பில் ஸ்லைடைக் காட்டுவது அண்ணனின் வேலை. பேசுவது அவர் வேலையல்ல.

அவர் இனிமையான மனிதரும் அல்ல. இரங்கல் என்பதற்காகப் பொய் சொல்ல மாட்டேன். நான் சேர்ந்த புதிதில் ஒரு ரிப்போர்ட்டுக்கு அவசரப்படுத்தினேன். ஸ்லைடுக்குச் சாயம் ஏற்றிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமல், “சாயம் அதும்பாட்டுக்கு ஏறும் டாக்டரம்மா. நீங்க போய் டீ குட்ச்சிட்டு வாங்க” என்றார், எல்லோர் முன்னாலும். ஒரு மாதம் அவரிடம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

போன வருடம் ஒரு புதன்கிழமை, எண்ணூர் லாரி டிரைவர் ஒருவரின் கேஸ் வந்தது. முப்பத்து நான்கு வயது. ஈறில் ரத்தம் நிற்கவில்லை. ரத்தப் புற்று என்று ரிப்போர்ட்டில் இருந்தது, எந்த வகை என்று இல்லை. மரபணுச் சோதனை முடிவு வரட்டும், பிறகு மருந்து என்றார்கள். ஸ்லைடை யாரும் கேட்கவில்லை. அண்ணனே மைக்கைத் திறந்தார்.

“செல்லுக்குள்ள குச்சி குச்சியா, கட்டுக் கட்டா கீது. ஒரு தபா பாத்துட்டு முடிவு பண்ணுங்க.”

அப்படித் தெரிந்தால் அது ரத்தத்தை உறையவிடாத ஒரு தனி வகை; அன்றே அதற்கான மாத்திரையைத் தொடங்க வேண்டும். காத்திருந்தால் மூளையில் ரத்தம் கசியும். திரையில் இருந்த அத்தனை பேரும் படித்த பாடம்தான். ஆனால் ஐந்து நிமிடம் முடிந்திருந்தது. டெக்னீஷியன் பேசுவதா என்று தலைமை மருத்துவர் முகம் சுளித்தார். நான் மைக்கை அணைத்தேன். அண்ணனின் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அடுத்த கேஸுக்குப் போனோம்.

சனிக்கிழமை மூளையில் ரத்தம் கசிந்து டிரைவர் இறந்தார். அடுத்த வாரம் மரபணு ரிப்போர்ட் வந்தது. அண்ணன் சொன்ன வகையேதான். நான் எழுதிய கூட்டக் குறிப்பிலோ ‘காத்திருப்பதென அனைவரும் ஒருமனதாக முடிவு’ என்று இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோம். அந்தச் சோற்றைப் போட்டவளும் நான்தான்.

ரிப்போர்ட் வந்த அன்றே பரிசோதனைக் கூடத்துக்குப் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அழுதேன். அண்ணன் கையுறையைக் கழற்றிவிட்டு என்னை நேராகப் பார்த்தார்.

“என்னாண்ட இன்னாத்துக்கு மன்னிப்பு? எண்ணூர்ல அவன் சம்சாரம் கீது. அங்க போய்ச் சொல்லு.”

அதுவரை அவர் என்னை ஒருமையில் பேசியதில்லை. அதன் பிறகு, வேலைக்கு வேண்டியதைத் தவிர ஒரு வார்த்தை பேசியதுமில்லை.

மன்னிக்காமலேயே போய்விட்டார். அதில் அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் நினைவாக என்னிடம் இருப்பது அந்த ஒரு சொல்தான். டிரைவர் வீட்டு விலாசம் கேஸ் ஷீட்டிலேயே இருக்கிறது. இங்கிருந்து ஒரே பஸ். நான் இன்னும் போகவில்லை.