சாயம் பிடிக்காத எலும்பு

என் கணவர் தேயிலை ஆலையில் வேலை பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் கத்திகளுக்கு எலும்பில் கைப்பிடி செய்வார். தானா ராத்தா டவுன் கறிக்கடையிலிருந்து ஆட்டுக்கால் எலும்புகளை வாங்கி வந்து, உள்ளிருக்கும் நல்லியைக் கம்பியால் குத்தி எடுத்துவிட்டு, சோப்புத் தண்ணீரில் ஊறப்போடுவார். கொழுப்பு முழுக்கப் போனால்தான் சாயம் ஏறும். ஊறிய எலும்புகளை எங்கள் எஸ்டேட் லயத்து வீட்டின் பின்கூரையில் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவார். பனிமூட்டத்தில் எலும்புகள் கண்ணுக்குத் தெரியாது. ஒன்றோடொன்று மெல்லத் தட்டிக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்கும்.

என் மகனுக்கு அப்போது பல் முளைக்கும் வயது. நாளெல்லாம் ஏதாவது கத்திக்கொண்டே இருப்பான். முனியாண்டி கோயில் பூசைக்குப் போய் வந்த மறுநாள் காலையிலிருந்து அவன் வாயிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. அழுகைகூட இல்லை. பால் குடித்தான், கையைக் காலை ஆட்டினான். கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தான். அவ்வளவுதான்.

கிளினிக்கில் தாதி டார்ச் அடித்துப் பார்த்தாள். "காது, தொண்டை எல்லாம் நல்லாதான் இருக்கு. பல்லு வருதுலா, அதான் சோர்வு" என்றாள். நம்பினேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது நம்பிக்கை போய்விட்டது. குளிரில் கோயிலுக்குத் தூக்கிப் போனது தவறோ? தொப்பி சரியாகப் போடவில்லையோ?

அந்த வாரம் கணவர் ஒரு பிஸ்கட் டின்னில் பச்சைச் சாயம் கரைத்து, வினிகர் ஊற்றிச் சூடாக்கி எலும்புகளைப் போட்டார். எல்லாம் பாசி நிறத்தில் வெளியே வந்தன. ஒன்று மட்டும் போட்டபடியே வெள்ளையாக இருந்தது.

"கொழுப்பு இருக்கும்" என்று மறுபடி சோப்பில் ஊறப்போட்டு, மணல்தாளால் தேய்த்து, மறுபடி சாயத்தில் முக்கினார். அப்போதும் வெள்ளைதான். அதை எங்கே வைத்தாலும் என் மகனின் கண் அங்கேயே போனது. நான் அதைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தேன். அவன் அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பக்கத்து வீட்டு அக்கா சீனி கேட்டு வந்தபோது அவரிடம் சொன்னேன்.

"படிச்ச பொண்ணு நீயே இப்படிப் பயந்தா எப்படிம்மா?" என்று சிரித்தவர், வாசலில் கத்தி தீட்டிக்கொண்டிருந்த என் கணவர் பக்கம் திரும்பினார். "என்ன தம்பி, முனியாண்டிகிட்டயே கைய வச்சிட்டியா?"

கேலியாகத்தான் கேட்டார். என் கணவரின் கை நின்றுவிட்டது.

பூசைக் கிடாவை அங்கேயே சமைத்து, அங்கேயே சாப்பிட்டு, எலும்பையெல்லாம் கோயிலுக்குப் பின்னால் குழியில் போட்டு மூட வேண்டும். எதையும் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. இந்த எஸ்டேட்டில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம் அது.

"நல்ல நேரான எலும்புக்கா, மண்ணுல போவுதேன்னு…" என்றார் என் கணவர்.

"எடுத்தவனே கொண்டுபோய் வையி. பிள்ளையையும் தூக்கிட்டுப் போ" என்றார் அக்கா. இப்போது சிரிக்கவில்லை.

சாயந்தரம் போனோம். தேயிலைச் சரிவில் பனி இறங்கிவிட்டது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன். கணவர் குழியைத் தோண்டி எலும்பைப் போட்டு மூடிவிட்டு, "வா. வீடு போய்ச் சேர்ற வரைக்கும் திரும்பிப் பாக்காத" என்றார். இதெல்லாம் மூடநம்பிக்கை என்று பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியவள் நான். திரும்பாமல் நடந்தேன்.

செடிகளுக்கு நடுவே பாதி வழி வந்திருப்போம். என் காதருகே மகன் கலகலவென்று சிரித்தான். பிறகு பழையபடி கத்த ஆரம்பித்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவனை இறுக்கி அணைத்தேன்.

என் தோளுக்கு மேலே பின்பக்கம் பார்த்தபடிதான் அவன் சிரித்தான். கையை நீட்டி, விரல்களை மடக்கி மடக்கி யாரையோ கூப்பிட்டுக்கொண்டே வந்தான்.

என் கணவர் எனக்கு முன்னால்தான் நடந்துகொண்டிருந்தார்.