பெயர் எழுதாத பதினொரு பிள்ளைகள்

சூப்பர்வைசர் மேடம் சொல்லாமல் வந்த அன்று என் அங்கன்வாடியில் பதினேழு பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ரிஜிஸ்டரில் இருந்ததும் பதினேழு பெயர்தான். ஆனால் மேடம் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டபோது ஆறு பிள்ளைகள்தான் கையைத் தூக்கினார்கள்.

"மீதிப் பேரெல்லாம் யாரு டீச்சர்? இங்க உக்காந்திருக்கிறது யாரு?"

தினமும் ஏரி காத்த ராமருக்குக் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் சென்டரைத் திறப்பேன். அன்று அவர் படத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

எங்கள் ஊர் ஜி.எஸ்.டி. ரோட்டில் வரும் படாளத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. பயிர் வைத்துக்கொண்டிருந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் பொத்தேரிக்குப் போயின. காலேஜ் பிள்ளைகளுக்கு மெஸ் நடத்துவது, ஹாஸ்டலில் வாட்ச்மேன் வேலை என்று அங்கே பிழைப்பு. காலியான வீடுகளில், அரிசி ஆலை வேலைக்கு வந்த ஒடிசாக்காரர்கள் குடியேறினார்கள்.

அப்படிப் போன பிள்ளைகள் பதினொரு பேரின் பெயரை ரிஜிஸ்டரிலிருந்து எடுக்கப் பார்த்தேன். வார்டு மெம்பர் ஓடி வந்தார்.

"இன்னா டீச்சர், பேரை அடிச்சிகினு கீறீங்க? அவங்க ஓட்டும் ரேஷன் கார்டும் இங்கதான கீது? நாளைக்கே திரும்பி வந்தா இன்னா பண்ணுவீங்க? கம்முனு வுடுங்க."

விட்டுவிட்டேன்.

ஆலையில் வேலை செய்யும் மினதி, தன் மகன் லிட்டுவைக் கூட்டி வந்து, "அக்கா, பேரு எழுது" என்றாள்.

"ஆதார் கொண்டா, எழுதறேன்."

"ஆதார் ஊர்ல இருக்கு அக்கா."

ஆதார் ஒரு சாக்குதான். இவர்கள் எப்போது கிளம்புவார்கள் என்று சொல்ல முடியாது. மாதாமாதம் பெயரைச் சேர்ப்பதும் எடுப்பதுமாக இருந்தால் மீட்டிங்கில் கேள்வி வரும். என் ரிஜிஸ்டர் அடித்தல் திருத்தல் இல்லாமல் சுத்தமாக இருக்க வேண்டும் எனக்கு. அதனால் பையனை உட்காரவைத்து, வராத பிள்ளைக்கு வந்த முட்டையை அவன் தட்டில் வைத்தேன். அப்படியே பதினொரு பேர் சேர்ந்துவிட்டார்கள். பசித்த பிள்ளைக்குப் போடுகிறேன், ராமர் பார்த்துக்கொள்வார் என்று இருந்தேன். மினதி கேட்டபோதெல்லாம் நாளைக்கு என்றேன். "அக்காவுக்கு எப்பவும் நாளைக்கு" என்று சிரிப்பாள்.

இதையெல்லாம் கேட்டும் மேடம் திட்டவில்லை. "ஆதாரை அப்புறம் கேட்டுக்கலாமே டீச்சர். எழுதியிருந்தா இந்த சென்டரை யாரும் தொட மாட்டாங்க. இப்ப ஆறுன்னுதான் நான் எழுத முடியும். ஆறு பிள்ளைக்குன்னு தனி சென்டர் வெச்சிருக்க மாட்டாங்க."

எங்கள் சென்டரை மூடி, பிள்ளைகளையும் என்னையும் ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற சென்டரோடு சேர்த்து ஆர்டர் வந்தது. மெம்பரிடம் ஓடினேன்.

"மனு குடுக்கலாம் டீச்சர். கையெழுத்து யாரு போடறது? ஓட்டு கீறவன் பொத்தேரில கீறான். இங்க கீறவனுக்கு ஓட்டே இல்ல. எவன் மதிப்பான்?"

பூட்டிய கதவு முன்னால் மினதி நின்றாள். "லாரி போற ரோடு அக்கா. நான் ஆறு மணிக்கு வேலைக்குப் போகணும். இவன் எப்படி வருவான்?" அன்று அவள் சிரிக்கவில்லை.

ஊர்ப் பிள்ளைகள் ஆறு பேரும் அவரவர் அப்பாவின் வண்டியில் புது சென்டருக்கு வந்துவிடுகிறார்கள். லிட்டு ஆலையில், தவிட்டு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறான்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பெண்களுக்கு நான் சொல்வது இதுதான்: பிள்ளை வாசல் ஏறியதும் முதலில் பெயரை எழுதுங்கள், பிறகு தட்டை வையுங்கள். நான் புது சென்டரில் முதல் நாளே அந்தப் பதினொரு பெயரையும் எழுதினேன். யாரிடமும் ஆதார் கேட்கவில்லை. தினமும் காலையில் கற்பூரம் காட்டிவிட்டு, லிட்டு என்றுதான் முதலில் கூப்பிடுகிறேன். கை தூக்க ஆள் இல்லை.