மாட்டுக்குத் தெரியாத பெயர்

ஒரே ஒரு சொல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு, உலகில் எவருமே எழுதாத விடயத்தைப் பிடித்துவிட்டதாகப் பேராசிரியருக்கு எழுதிய மடையன் நான். எங்கள் பக்கத்தில் வயல்வெளியை வட்டை என்போம். வட்டைக்குத் தண்ணீர் பங்கிடும் முறைதான் என் ஆய்வு. பல்கலைக்கழக நூலகத்தின் கட்டுரைத் தளத்தில் 'வட்டை' என்பதை ஆங்கில எழுத்தில் போட்டேன். ஒன்றும் வரவில்லை. "நானே முதல் ஆள்" என்று எழுதி, ஆய்வுத் தலைப்பையும் அனுப்பிவிட்டேன்.

கூடப் படிக்கும் ஓட்டமாவடிப் பரீதா வயல், தண்ணீர், மட்டக்களப்பு என்று ஆங்கிலத்தில் தட்டினாள். கட்டுரைகள் கொட்டின. முதலாவதே பேராசிரியருடையது.

"நீங்க கூப்பிட்ட பேரு அதுக்குத் தெரியாதே!" என்று சிரித்தாள்.

காது சுட்டது. சாணமும் ஈர வைக்கோலும் மணக்கும் கிரான் ஊரில் எங்கள் வீட்டு வளவு கண்முன் வந்தது. பசுவைக் காணாத ஒரு மாலை, அப்பா வாய் நிறைய வெற்றிலையோடு வட்டைப் பக்கம் கையைக் காட்டி என்னை அனுப்பினார். வரம்பில் நின்று "மகாராணி! மகாராணி!" என்று தொண்டை கிழியக் கத்திவிட்டு, "மாடு ஊரிலயே இல்லப்பா" என்று வந்து சொன்னேன். பசுவோ வீட்டுக்குப் பின்னால் எங்கள் வாழையைத் தின்றுகொண்டு நின்றது.

"மகாராணி எண்டு நீ வச்ச பேரு மாட்டுக்குத் தெரியுமாடா?" என்றார் அம்மா. வளவே சிரித்தது. நான் அன்றிரவு சோறு தின்ன வரவில்லை.

இன்றைக்கு ஒளிய இடமில்லை. பேராசிரியருக்கு அழைத்தேன்.

"சேர், உங்கட கட்டுரையக் கண்டுபிடிச்சிட்டன்!"

"அப்ப, தலைப்ப மாத்துங்க."